வெளிநாட்டில் முதல் டிசம்பர் லீவு: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மட்டக்களப்பிலிருந்தோ கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தோ இந்த வருடம் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் படிக்கப் போன தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். டிசம்பர் நடுப்பகுதியில் வகுப்புகள் நின்றுவிடும். பிரித்தானியாவில் மூன்று நாலு கிழமை லீவு. கனடாவில் பரீட்சை முடிந்ததும் இரண்டு மூன்று கிழமை. கூடப் படிக்கிற உள்ளூர்ப் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுதி ஓய்ந்துபோகும். குசினியில் நீங்கள் மட்டும் நிற்பீர்கள்.

லீவு முழுவதற்கும் முதலிலேயே திட்டம் போட வேண்டாம். டிசம்பர் 24, 25, 26 ஆகிய மூன்று நாளும் எங்கே, யாரோடு இருக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மிச்ச நாட்களை அதைச் சுற்றி அடுக்கிவிடலாம்.

படி 1: ஊருக்கு வருவதா, அங்கேயே நிற்பதா?

இதை ஒக்டோபரிலேயே முடிவெடுங்கள். டிசம்பர் நெருங்க நெருங்க ரிக்கற் விலை ஏறும். என் அபிப்பிராயம், வீட்டில் அவசரத் தேவை எதுவும் இல்லையென்றால் முதல் வருடம் வராதீர்கள். பிரித்தானியாவில் பல பாடநெறிகளுக்கு ஜனவரியில் பரீட்சையோ ஒப்படையோ இருக்கும். இங்கே அது மாரி காலம். கட்டுநாயக்கவில் இறங்கி மட்டக்களப்பு வந்து சேரவே கிட்டத்தட்ட ஒரு நாள் போய்விடும், வெள்ளம் வந்தால் றோட்டும் ரயிலும் நிச்சயமில்லை. கோடை விடுமுறையில் வந்தால் நீண்ட நாள் நிற்கலாம், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தையும் பார்க்கலாம்.

வருவதென்றே முடிவானால், திரும்பிப் போகும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே கொழும்புக்கு வந்துவிடுங்கள். பிரித்தானியாவில் இருப்பவர்கள் இப்போது கையிலுள்ள கடவுச்சீட்டு தங்கள் இ-விசாக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளிக்கிட வேண்டும். கனடாவில் இருப்பவர்கள் கவனம்: படிப்பு அனுமதிப்பத்திரம் வேறு, நாட்டுக்குள் நுழையும் விசா வேறு. விசா காலாவதியாகியிருந்தால் அனுமதிப்பத்திரத்தைக் காட்டித் திரும்ப விமானம் ஏற முடியாது. இன்னொன்று, தயிர், நெய், இறைச்சி எதையும் இங்கிருந்து பிரித்தானியாவுக்குள் கொண்டுபோக முடியாது. அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 2: அறையை உறுதிப்படுத்துங்கள்

ஒப்பந்தத்தில் லீவுக் காலமும் அடங்குகிறதா என்று வாசியுங்கள். பிரித்தானியாவில் பெரும்பாலும் அடங்கும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. அமெரிக்காவில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும், அங்கே பல விடுதிகளை மூடியே விடுவார்கள். சந்தேகமிருந்தால் நவம்பரிலேயே மின்னஞ்சல் போடுங்கள். சர்வதேச மாணவர் அலுவலகம் கிறிஸ்மஸுக்கு மூடினால் புதுவருடம் பிறந்துதான் திறக்கும்.

படி 3: அந்த மூன்று நாள்

டிசம்பர் 25 அன்று பிரித்தானியாவில் ரயில் ஓடாது. லண்டனில் நிலத்தடி ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் அன்று திறக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. 26ஆம் திகதியும் ரயில் மிகக் குறைவு. அதனால் 23ஆம் திகதிக்குள் அரிசி, பருப்பு, முட்டை, மரக்கறி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். யாருடைய வீட்டுக்காவது போவதென்றால் 24ஆம் திகதி பகலிலேயே போய் 27ஆம் திகதி திரும்புங்கள்.

போக ஆளில்லாவிட்டால்? பல பல்கலைக்கழகங்களில் தங்கி நிற்கும் மாணவர்களுக்கு மதிய விருந்து வைப்பார்கள். சில தேவாலயங்களும் எந்த மதத்தவரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடும். பெயரை நவம்பர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். பள்ளிவாசலில் அன்றும் ஐவேளைத் தொழுகை நடக்கும், நடந்து போகும் தூரத்தில் எது என்று முன்பே பார்த்து வையுங்கள். மார்கழித் திருவெம்பாவைக் காலமும் இதை ஒட்டியே வரும். லண்டனில் ஹைகேற் முருகன் கோயில், ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் என்று நம்மவர்கள் கூடுமிடங்கள் இருக்கின்றன. ஒரு நாள் போய் நின்றால் ஊர்க்காரர் யாராவது அகப்படுவார். கூச்சப்படாமல் எந்த ஊர் என்று கேளுங்கள்.

விடுதியில் மிஞ்சி நிற்கும் மற்ற நாட்டுப் பிள்ளைகளையும் தேடிப் பிடியுங்கள். ஒரு குசினி, ஆளுக்கொரு கறி, அது போதும். புட்டும் சம்பலும் நீங்கள் செய்யுங்கள். உறைந்த தேங்காய்ப்பூ தமிழ்க் கடைகளில் கிடைக்கும்.

26ஆம் திகதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே அது மலிவு விற்பனை நாள். நமக்கு அது 2004 ஆழிப்பேரலையின் நினைவு நாள். இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உங்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், என்றாலும் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்கியிருக்கும். இங்கே காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்கும்போது லண்டனில் அதிகாலை 3.55, ரொறன்ரோவில் முந்தின இரவு 10.55. எழும்பியிருக்க வேண்டுமென்றில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு ஒரு தடவை கதையுங்கள். கூட இருப்பவர்களிடமும் அது என்ன நாள் என்று சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாது, சொன்னால் கேட்பார்கள்.

படி 4: வேலை

பட்டப்படிப்பு மாணவர் பிரித்தானியாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். லீவில் முழுநேரமும் செய்யலாம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணித்தியாலம், அட்டவணையிட்ட லீவில் அந்த வரம்பு இல்லை. ஆனால் உங்கள் லீவுத் திகதி எது என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். முதுமாணி மாணவர்களின் நாட்காட்டி இளமாணி மாணவர்களுடையதைப் போல இருக்காது, நண்பன் சொன்னான் என்று நம்பாதீர்கள்.

வேறொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுப் பொதி விநியோகம் செய்யச் சொல்லி ஆட்கள் கேட்பார்கள். தயவுசெய்து போகாதீர்கள். பிரித்தானிய மாணவர் விசாவில் சுயதொழில் லீவிலும் கூடாது. வீட்டில் காணியை ஈடு வைத்து அனுப்பிய படிப்பு அதனால் போய்விடும்.

படி 5: வெளிச்சமும் உடம்பும்

டிசம்பர் கடைசியில் லண்டனில் சூரியன் காலை 8 மணிக்குப் பிறகு உதித்து மாலை 4 மணியளவில் மறையும். மதியம் எழும்பினால் பகலே கிடைக்காது. மேகமாக இருந்தாலும் காலையில் வெளியே அரை மணித்தியாலம் நடவுங்கள். குளிர்காலத்தில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுக்கும்படி பிரித்தானிய சுகாதார சேவை எல்லோருக்கும் சொல்கிறது. நம்மைப் போன்ற கறுத்த தோலுள்ளவர்கள் வருடம் முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது.

வீட்டுக்குக் கதைக்கும் நேரத்தையும் வெளிச்சத்தோடு பாருங்கள். லண்டனில் மதியம் 12 என்றால் இங்கே மாலை 5.30, அம்மாவும் ஓய்வாக இருப்பார். இருட்டிய பிறகு தனியாக இருந்து எடுத்தால் இரண்டு பக்கமும் அழுகைதான். மனம் தாங்காமல் போனால் பிரித்தானியாவில் 116 123, கனடாவில் 988 என்ற உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். கிறிஸ்மஸ் அன்றும் 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். உடம்புக்கு முடியாவிட்டால் பிரித்தானியாவில் 111.

லண்டன் பக்கம் போகக் கிடைத்தால் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போங்கள். நுழைவு இலவசம், 24 முதல் 26 வரை மட்டும் பூட்டு. அங்கே பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரா சிலை ஒன்று நிற்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கண்டெடுக்கப்பட்டு, முன்னாள் ஆளுநர் பிரவுன்றிக் 1830இல் கொடுத்தது. நம் கரையிலிருந்து அவ்வளவு தூரம் போன ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

படி 6: கடைசிக் கிழமை

புதுவருடம் முடிந்ததும் நித்திரை நேரத்தைச் சரிப்படுத்துங்கள். ஒப்படைகளை நாளுக்கு மூன்று மணித்தியாலமாவது பாருங்கள். மறுகா, வகுப்பு தொடங்கினால் வேலை வரம்பும் திரும்ப வந்துவிடும். தவணை தொடங்கும் திகதியை வேலை தருகிறவருக்கு டிசம்பரிலேயே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். ஜனவரியில் ஆள் போதாது என்று கூடுதல் நேரம் கேட்டால் அதைக் காட்டி மறுக்கலாம்.