கேமிங் லேப்டாப்ல சிபியு த்ராட்டில் ஆகுதா? பேஸ்ட் மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

கேம் போட்ட மொத நிமிஷம் சிபியு 4 கிகாஹெர்ட்ஸ்ல பறக்கும், அப்புறம் 3.2-க்கு இறங்கி அங்கயே உக்காந்துக்கும், சில பேருக்கு 0.8-க்கே விழுந்துடும். இத யார்கிட்ட சொன்னாலும் வர்ற ஒரே வைத்தியம் "ஹீட் ஆகுது ப்ரோ, தெர்மல் பேஸ்ட் மாத்து, கூலிங் பேட் வாங்கு". ஆனா ஹீட்டுனால வர்ற த்ராட்டில் (ஸ்பீடு தானா இறங்குறது) வேற, பவர் லிமிட்ல இடிச்சு வர்றது வேற, கரண்ட் லிமிட்ல இடிச்சு வர்றது வேற. வெளிய பாக்க மூணும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒண்ணுக்கு பண்ற வைத்தியம் இன்னொண்ணுக்கு எடுபடாது. எது இடிக்குதுன்னே பாக்காம ஸ்க்ரூட்ரைவர் எடுக்குறதுதான் மொத தப்பு.

பாக்குறது பெரிய வேலையும் இல்ல. இன்டெல் சிபியுன்னா த்ராட்டில்ஸ்டாப்ங்கற சாஃப்ட்வேர்ல லிமிட்ஸ் பட்டன அமுக்குங்க, ஒரு சின்ன பொட்டி வரும், அதுல கோர், ஜிபியு, ரிங்னு மூணு காலம் இருக்கும். தெர்மல் எரிஞ்சா ஹீட், பிஎல்1 (தொடர்ந்து இழுக்கலாம்ங்கற வாட் லிமிட்) இல்ல பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் விடுற பெரிய லிமிட்) எரிஞ்சா பவர், ஈடிபி அதர் எரிஞ்சா கரண்ட். இன்டெல்லோட எக்ஸ்டியூ சாஃப்ட்வேர்லயும் இதே சமாச்சாரம் பவர் லிமிட் த்ராட்டிலிங், கரண்ட் லிமிட் த்ராட்டிலிங்னு தனித்தனியா வரும். ஏஎம்டின்னா ஹெச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு பிபிடி, டிடிசி, ஈடிசி மூணும் எத்தன பர்சன்ட்ல நிக்குதுன்னு பாருங்க, பிபிடி பவர், மத்த ரெண்டும் கரண்ட், எது 100-ல முட்டி நிக்குதோ அதுதான் ஆளு.

அந்த இன்டெல் பொட்டிய தப்பா படிச்சுட்டு பயந்து போறவங்க நெறைய பேர். சிவப்புன்னா இப்போ நடக்குது, மஞ்சள்னா முன்னாடி எப்பவோ நடந்துச்சு, அவ்ளோதான். விண்டோஸ் லோட் ஆகும்போது அர நொடி பிஎல்2 தொட்டிருந்தாலும் மஞ்சள் அப்படியே நிக்கும், அதனால மொதல்ல க்ளியர் குடுத்துட்டு ஒரு பத்து நிமிஷம் கேம் ஆடிட்டு வந்து பாருங்க. இன்னொண்ணு, ஜிபியு காலத்துல சிவப்பு எரியுதுன்னு என்விடியா டிரைவர அழிச்சு திரும்ப போடாதீங்க, அது சிபியுக்குள்ள இருக்குற இன்டெல் கிராஃபிக்ஸ். சும்மா இருக்கும்போது ரிங் காலத்துல ஈடிபி அதர் எரியிறதும் ரொம்ப சகஜம், கண்டுக்காதீங்க.

சரி, பிஎல்1 எரியுதுன்னே வெச்சுப்போம், கேமிங் லேப்டாப்ல ஜாஸ்தி பாக்குறது இதுதான். ஐ7-9750ஹெச் எடுத்துக்கோங்க, இன்னமும் நெறைய பேர் கையில இருக்கு. இன்டெல் கணக்குப்படி அது 45 வாட் சிபியு, பேஸ் 2.6, டர்போ 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆறு கோரையும் முழுசா ஓட்டினா 45 வாட்டுக்குள்ள அந்த டர்போ ஸ்பீட தக்க வைக்கவே முடியாது. மொத கொஞ்ச நேரம் பிஎல்2 அதுக்கு மேல விடும், டைமர் முடிஞ்சதும் பிஎல்1 வந்து இழுத்து புடிச்சுடும். இது கோளாறே இல்ல, டிசைனே அப்படித்தான். இதுல பேஸ்ட் மாத்தினா என்ன ஆகும்? டெம்பரேச்சர் 78-ல இருந்து 71-க்கு வரும், மனசுக்கு சந்தோஷமா இருக்கும், க்ளாக் பாத்தா கிட்டத்தட்ட அங்கயேதான் நிக்கும். சில்லுன்னு இருக்குற சிப் லீக்கேஜ்ல (சும்மா கசியுற கரண்ட்ல) கொஞ்சம் கம்மியா வேஸ்ட் பண்ணும்ங்கறதால ஏதோ சொச்சம் கிடைக்கலாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. அதே பொட்டியில தெர்மல் சிவப்பா எரிஞ்சு சிபியு நூறு டிகிரிய தொட்டுட்டு இருந்தா பேஸ்ட்டும் தூசி க்ளீனிங்கும்தான் மருந்து, அதுல மாத்துக்கருத்து இல்ல, அதுவும் நம்ம ஊர் மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்னா சொல்லவே வேணாம்.

பவர் லிமிட்டுக்கு உருப்படியான வழி அண்டர்வோல்ட்டிங். வாட் வந்து வோல்டேஜோட ஸ்கொயர வெச்சு ஏறி இறங்கும், அதனால வோல்டேஜ கொஞ்சமா குறைச்சாலே அதே 45 வாட்டுக்குள்ள க்ளாக் நல்லா ஏறும். இங்க பண்ற தப்பு, யாரோ வீடியோல மைனஸ் 150 போட்டான்னு நாமளும் எடுத்தவுடனே 150 மில்லிவோல்ட் குறைக்கிறது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி. 50-ல ஆரம்பிங்க, கோர், கேச் ரெண்டுக்கும் ஒரே அளவு குடுங்க, பத்து பத்தா இறக்கிட்டு போங்க. கூடவே விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போதே அந்த செட்டிங் தானா ஏறுற மாதிரி இப்பவே வைக்காதீங்க, ப்ளூ ஸ்க்ரீன் வந்தா திரும்ப உள்ள போறதுக்குள்ள திரும்ப ப்ளூ ஸ்க்ரீன்தான் வரும்.

அண்டர்வோல்ட் ஸ்லைடர் நகரவே மாட்டேங்குதுன்னா 2019 டிசம்பர்ல வெளிய வந்த ப்ளண்டர்வோல்ட்ங்கற செக்யூரிட்டி ஓட்டைதான் முக்கிய காரணம். அது வந்த பின்னாடி பல கம்பெனிகள் பயாஸ் அப்டேட்லயே வோல்டேஜ் கண்ட்ரோல பூட்டிடுச்சு, பத்தாவது ஜெனரேஷன்ல இருந்து சாதாரண ஹெச் சிபியு முக்காவாசி பூட்டுனபடியேதான் வருது. சில லேப்டாப்ல விண்டோஸ்ல மெமரி இன்டக்ரிட்டிங்கற செக்யூரிட்டி செட்டிங் ஆன்ல இருந்தாலும் தடுக்கும். வேல செய்ற அண்டர்வோல்ட்ட வெச்சுக்கிட்டு, அப்டேட்ல என்ன மாறுதுன்னு படிக்காம "லேட்டஸ்ட் பயாஸ் போட்டா த்ராட்டில் சரியாகும்"னு ஏத்திட்டு, அண்டர்வோல்ட்டும் போயி த்ராட்டிலும் அப்படியே நிக்குதுன்னு வர்றவங்க உண்டு.

அடுத்தது, பிஎல்1-ஐ 45-ல இருந்து 60 ஆக்கியாச்சு, ஆனா சிபியு 45-லயே நிக்குது, சாஃப்ட்வேர் டுபாக்கூர்னு திட்டுறது. லிமிட் ரெண்டு இடத்துல எழுதி வெச்சிருக்கும், ஒண்ணு எம்எஸ்ஆர் (சிபியுக்குள்ள இருக்குற ரிஜிஸ்டர்), இன்னொண்ணு எம்எம்ஐஓ (மெமரி அட்ரஸ் வழியா எட்டுற ரிஜிஸ்டர்). ரெண்டுல எது கம்மியோ அதுதான் செல்லும். நீங்க ஒண்ண மட்டும் மாத்தியிருப்பீங்க, த்ராட்டில்ஸ்டாப்ல டிபிஎல் ஜன்னல்ல எம்எம்ஐஓ லாக் இருக்கும், அத போடணும். அதுக்கு அப்புறமும் மாறலன்னா போர்டுல இருக்குற கண்ட்ரோலர் தனியா ஒரு லிமிட் வெச்சிருக்கு, அங்க சாஃப்ட்வேரால ஒண்ணும் கிழிக்க முடியாது, கம்பெனி ஆப்ல பெர்ஃபார்மன்ஸ் மோட் மாத்துனாதான் உண்டு. அந்த ஆப், எக்ஸ்டியூ, த்ராட்டில்ஸ்டாப் மூணையும் ஒண்ணா ஓட விடாதீங்க, ஒண்ணு எழுதுறத இன்னொண்ணு அழிச்சுட்டே இருக்கும், நீங்க ராத்திரி பூரா உக்காந்து தேடிட்டு இருப்பீங்க.

இப்போ கரண்ட் லிமிட். தோட்டத்துல மோட்டார் போட்ட நொடி லைட்டு ஒரு தடவ மங்கும்ல, சிபியும் லோடு ஏறுற அந்த நொடில அப்படித்தான் வெடுக்குனு கரண்ட இழுக்கும். அந்த நொடிக்கு எவ்ளோ போலாம்னு கட்டுறதுதான் ஐசிசி மேக்ஸ், பிஎல்4 எல்லாம். பல கேமிங் லேப்டாப்ல அந்த திடீர் இழுப்புக்கு அடாப்டரோட பேட்டரியும் கை குடுக்கும். இத தெரியாம, உப்பிப்போச்சுன்னு பேட்டரிய கழட்டி வெச்சுட்டு சார்ஜர்லயே ஓட்டுறாங்க. உப்புன பேட்டரிய கழட்டினது சரி, ஆனா புதுசு போடாம விட்டா ஃபர்ம்வேர் லிமிட்ட கீழ இறக்கிடும், அப்புறம் ஈடிபி அதர் எரியுதுன்னு ஐசிசி மேக்ஸ 255 ஆக்கி என்ன பிரயோஜனம்?

0.8 கிகாஹெர்ட்ஸ்க்கே விழுந்து எந்திரிக்கவே மாட்டேங்குதுன்னா மொத சந்தேகம் பிடி ப்ராசாட் மேல இருக்கட்டும், அதாவது சிபியு சூடே ஆகாம இருந்தாலும் போர்டுல வேற எதோ ஒண்ணு "நிறுத்து"ன்னு சிக்னல் அனுப்புறது. தெரிஞ்ச தம்பி ஒருத்தர் லேப்டாப் இப்படித்தான், 52 டிகிரி, 798 மெகாஹெர்ட்ஸ், வலோரன்ட்ல ஸ்லைட் ஷோ. விண்டோஸ் புதுசா போட்டாச்சு, பேஸ்ட் மாத்தியாச்சு. கடைசில பாத்தா சார்ஜர் முனைல நடுவுல இருக்குற மெல்லிசு பின் வளைஞ்சிருக்கு. இந்த சார்ஜர் எத்தன வாட்டுன்னு லேப்டாப்புக்கு சொல்றதே அந்த பின்தான், அது சொல்லலன்னா லேப்டாப் உஷாராகி சிபியுவ அமுக்கிடும். டூப்ளிகேட் அடாப்டர் போட்டாலும் இதே கதை, 180 வாட் கேக்குற லேப்டாப்புக்கு 65 வாட் டைப்-சி சார்ஜர குத்திட்டு கேம் ஆடினாலும் இதே மாதிரிதான் அமுக்கும். த்ராட்டில்ஸ்டாப்ல பிடி ப்ராசாட் டிக்க எடுத்துட்டா ஸ்பீடு உடனே வந்துடும், எல்லா வீடியோலயும் அதத்தான் சொல்வாங்க, கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு தடவ எடுத்து பாருங்க, ஆனா அப்படியே நிரந்தரமா விடாதீங்க. அந்த சிக்னல் விஆர்எம் (சிபியுக்கு வோல்டேஜ் குடுக்குற சர்க்யூட்) கொதிக்குதுன்னு வந்ததா இருந்தா நீங்க புடுங்குறது ஃபயர் அலாரத்தோட ஒயர.

லிமிட்ட ஏத்துறதே எப்பவும் நல்லதுன்னு நெனைக்கிறதும் தப்புதான். சிபியும் ஜிபியும் ஒரே ஹீட்பைப்ப பங்கு போடுற லேப்டாப்தான் அதிகம், சிபியுவ 75 வாட் வரைக்கும் விட்டா அந்த சூடு ஜிபியு தலையில போயி இறங்கி எஃப்பிஎஸ் குறையும். புது என்விடியா லேப்டாப்ல டைனமிக் பூஸ்ட்னு ஒண்ணு இருக்கு, கேம்ல சிபியுகிட்ட இருந்து வாட்ட எடுத்து ஜிபியுக்கு குடுக்கும். சிபியு வாட் குறைஞ்சதும் த்ராட்டில்னு பதறாம எஃப்பிஎஸ் என்னாச்சுன்னு பாருங்க, ஏறியிருந்தா அது வேலைய ஒழுங்காதான் செய்யுது. அதே மாதிரி ப்ரைம்95ங்கற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டு பிஎல்1 சிவப்பா இருக்குன்னு அழுவுறதும் வேணாம், எந்த கேமும் சிபியுவ அந்த அளவுக்கு கசக்கி புழியாது.

இதுல எதுவுமே எரியல, பொட்டி பூரா சுத்தமா இருக்கு, ஆனாலும் 9750ஹெச் 2.6-ஐ தாண்ட மாட்டேங்குதுன்னா பவர் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் எத்தனன்னு பாருங்க. சூட்ட குறைக்க எப்பவோ ஒரு வீடியோ பாத்து 99 ஆக்கி வெச்சிருப்பீங்க, அது டர்போவையே ஆஃப் பண்ணிடும். 100 ஆக்கிட்டு அப்ளை குடுங்க.