லேப்டாப் ஆன் ஆகவில்லையா? நீலகிரியில் இருப்பவர்கள் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்

ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கம் லேப்டாப் ஆன் ஆகாமல் போனால், பலருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு இறங்குவதைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை. போக வர ஒரு நாள் போய்விடும். அதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். கழற்றாமல் பார்க்க முடிந்ததை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வோல்டேஜை அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், பிஎச்0 அளவு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், டார்ச், டிவியோடு இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள்.

பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்

லேப்டாப்பை மூடி, மேஜை மேல் வைத்து, பக்கவாட்டில் பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது, அடிப்பாகம் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. பேட்டரியைக் கடையில் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது ஈரம். மலையில் இதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழும். இரவு முழுக்கக் காரில் கிடந்த லேப்டாப்பைக் காலையில் ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுவந்து திறந்தால், குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல உள்ளே மதர்போர்டின் (எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகை) மேலும் நீர் படியும். மலையிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு மேட்டுப்பாளையம் இறங்கியதும் பையைத் திறந்தாலும் இதேதான். அந்த நேரத்தில் பட்டனை அழுத்தினால், தானாகக் காய்ந்து சரியாகியிருக்க வேண்டிய போர்டு ஷார்ட் ஆகிவிடலாம்.

லேப்டாப்பைப் பையை விட்டு எடுக்காமல், ஜிப்பை மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் அறையில் விடுங்கள். அறைக் காற்று படுவதற்கு முன் லேப்டாப் வெதுவெதுப்பாகிவிட்டால் நீர் படியாது. மழையில் நனைந்தது, தேநீர் கொட்டியது என்றால் கதை வேறு. உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 நொடி அழுத்தி அணைத்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். கழற்றும் பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் மலைக்காற்றே ஈரமாக இருப்பதால் வெறுமனே வைத்தால் காயாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு இரண்டு நாள் வைப்பது நல்லது. அரிசி மூட்டையில் புதைத்தால் ஓட்டைகளில் தூசிதான் போகும். கணப்பு அடுப்பின் பக்கத்திலோ ஹேர் டிரையரின் சூட்டிலோ காட்ட வேண்டாம். சர்க்கரை போட்ட தேநீர் உள்ளே போயிருந்தால், காய்ந்தாலும் பிசுபிசுப்பு போர்டை அரித்துக்கொண்டே இருக்கும். அதைத் திறந்து கழுவித்தான் ஆக வேண்டும்.

லைட்டே எரியவில்லை என்றால்

முதலில் வேறு பிளக் பாயிண்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேராகச் சுவரில் செருகுங்கள். காற்று மழையில் கற்பூர மரம் மின்கம்பியில் சாய்ந்து, கரண்ட் போய்ப் போய் வருவது இங்கே வழக்கம். திரும்ப வரும்போது ஏறும் வோல்டேஜில் முதலில் அடிவாங்குவது அடாப்டர்தான்.

அடாப்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரும்பாலும் 19, 19.5 அல்லது 20 வோல்ட் என்று இருக்கும். மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வையுங்கள். 20 வோல்ட் நிலையில் வைத்தால் அளவு தாண்டி வெறும் 1 மட்டும் காட்டக்கூடும். உருண்டை முனை என்றால் சிவப்புக் கம்பி உள்வளையத்தில், கறுப்பு வெளிவளையத்தில். நடுவில் ஊசி போல ஒன்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள், பல மாடல்களில் அது அடாப்டரை லேப்டாப் அடையாளம் காண்பதற்கான இணைப்பு. ஸ்டிக்கரில் உள்ள எண்ணை ஒட்டி வர வேண்டும். 12, 15 என்று வந்தாலோ, வயரை ஆட்டும்போது எண் குதித்தாலோ அடாப்டரை மாற்றுங்கள். டைப் சி சார்ஜரை இப்படி அளக்க முடியாது. லேப்டாப்போடு பேசி முடித்த பிறகுதான் அது வோல்டேஜைக் கொடுக்கும், தனியாக அளந்தால் பூஜ்யம்தான் காட்டும். அதற்கு இன்னொரு 65 வாட் சார்ஜரைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. 18 வாட் போன் சார்ஜர் போதாது.

அடாப்டர் நன்றாக இருந்தால், சார்ஜரையும் பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்துங்கள். பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு அழுத்த வேண்டும். போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கி, பவரை நிர்வகிக்கும் சிப் புதிதாகத் தொடங்கும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி 20 நிமிடம் விட்டு, ஆன் செய்யுங்கள். உறைபனி இரவில் கிடந்த லேப்டாப் சார்ஜ் ஏற மறுத்தால் பயப்பட வேண்டாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் அது கெடும் என்பதால் லேப்டாப்பே தடுத்து வைக்கும்.

லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

அறையை இருட்டாக்கி, திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது, திரையின் பின்விளக்கு மட்டும் போய்விட்டது. எச்டிஎம்ஐயில் டிவியை இணைத்தால் உறுதியாகும், வேலையையும் தொடரலாம்.

டிவியிலும் எதுவும் வரவில்லை என்றால் லைட் எப்படிச் சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். பல டெல் மாடல்களில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகப் பலகை) லேப்டாப்புக்குத் தெரியவில்லை என்று பொருள். பல எச்பி மாடல்களில் கேப்ஸ் லாக் விளக்கு நீளமாக 3, சின்னதாக 2 சிமிட்டினாலும் ரேமைத்தான் பார்க்க வேண்டும். ஈரக்காற்றில் ரேமின் தொடுமுனைகள் மங்குவதும் இதற்கு ஒரு காரணம்.

திறப்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் எடுத்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்புகளையும் விரித்தால் ரேம் தானாகச் சாய்ந்து எழும். தங்க நிற முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். வெட்டுப் பள்ளம் பொருந்தும்படி சாய்வாகச் செருகி, தங்க நிறம் வெளியே தெரியாத அளவு உள்ளே தள்ளி, கிளிப் மாட்டும் வரை கீழே அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டிடிஆர்5 ரேம் என்றால், மாற்றிய பிறகு முதல் முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். பொறுத்திருங்கள், நடுவில் அணைக்க வேண்டாம்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணைப்பதை மூன்று முறை செய்யுங்கள். அடுத்த முறை பழுதுபார்க்கும் திரை வரும். அதில் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அதற்கும் மசியவில்லை என்றால் ரீசெட் பக்கம் போகாதீர்கள், முதலில் ஃபைல்களை எடுங்கள். அதே பழுதுபார்க்கும் திரையில் கமாண்ட் பிராம்ப்டைத் (கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்) திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நோட்பேட் வரும். ஃபைல் மெனுவில் ஓப்பன் போய், கீழே எல்லா ஃபைல்களையும் காட்டும்படி மாற்றினால், அந்தச் சின்ன ஜன்னலிலேயே போட்டோக்களையும் ஆவணங்களையும் காப்பி செய்து பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டால், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். போனில் உள்நுழைந்து பார்க்கலாம்.

டிஸ்க்கே இல்லை என்று திரையில் வந்தால், பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய் எஸ்எஸ்டியின் (ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்) பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கு ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது, மாடலைப் பொறுத்து எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் பட்டன். பெயர் இல்லாவிட்டால் ரேம் போலவே எஸ்எஸ்டியையும் கழற்றி மாட்டலாம். பழைய ஹார்டு டிஸ்க் டக் டக் என்று தட்டினால் மீண்டும் மீண்டும் ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே கீறல் கூடும், எடுக்க முடிந்த ஃபைலும் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், மல்டிமீட்டர் காட்டிய எண், லைட் சிமிட்டிய கணக்கு, நனைந்த நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். எஸ்எஸ்டியைக் கழற்றத் தெரிந்தவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், போர்டைச் சோதிக்க அது தேவையில்லை.