சரிவு நிலத்துக்குச் சிறு டிராக்டர்: கருவியில் தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், வெருலம், டொங்காட் பக்கங்களில், முன்பு கரும்பு நின்ற மேட்டு நிலத்தில் 1 அல்லது 2 ஹெக்டேர் வாங்கி வீடு கட்டிக் குடியேறும் நம்மவர்கள், அக்டோபர் முதல் மார்ச் வரை நீளும் மழைக்காலத்துப் புல்லைக் கைவெட்டி இயந்திரத்தால் சமாளிக்க முடியாது என்பதை முதல் ஆண்டிலேயே உணர்ந்துவிடுகிறார்கள். உடனே டிராக்டர் பேச்சு எழுகிறது. அது குதிரைத்திறனில் தொடங்கி விலையில் முடிகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. ஓராண்டில் நிலத்தில் செய்ய வேண்டிய வேலைகளை முதலில் எழுதி, அவற்றுக்கு வேண்டிய கருவிகளை முடிவு செய்து, அந்தக் கருவிகளை நம் சரிவில் பத்திரமாகச் சுமக்கக்கூடிய டிராக்டரைக் கடைசியாகத் தேட வேண்டும்.

பெரும்பாலான வீட்டு நிலங்களுக்குப் புல்லும் புதரும் வெட்டும் ஸ்லாஷர், மழை அரித்த மண்பாதையைச் சமன்செய்யும் மட்டத்தகடு, மண்ணும் எருவும் அள்ளும் முன்வாளி ஆகிய மூன்றே போதும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் தேவைப்படும் குழிதோண்டியையும் கலப்பையையும் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். 1.2 மீட்டர் அகல ஸ்லாஷருக்கு, எஞ்சின் திறனைக் கருவிக்குக் கடத்தும் பின்புறச் சுழல்தண்டில் (PTO) ஏறத்தாழ 20 குதிரைத்திறன் வேண்டும், 1.5 மீட்டருக்கு 25. விற்பனைத் தாளில் பெரிதாக அச்சிட்டிருப்பது எஞ்சினின் திறன் என்பதையும், அதில் ஒரு பங்கு பற்சக்கரங்களிலேயே கழிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே முதல் ஸ்லாஷருக்கு 25, இரண்டாவதற்கு 30 அல்லது சற்று மேற்பட்ட எஞ்சின் திறன் என்று கணக்கிடலாம்.

பழைய பண்ணைகளின் ஏலத்தில் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன; ஆனால் கையில் ஓர் அளவுகோலுடன் செல்ல வேண்டும். சிறு டிராக்டர்களின் பின்னால் கருவியை மாட்டும் மும்முனை இணைப்பு பொதுவாக முதல் வகையைச் (Category 1) சேர்ந்தது: விட்டத்தில் கீழ்ப்புற ஊசிகள் 22 மில்லிமீட்டர், மேல் ஊசி 19 மில்லிமீட்டர். கரும்புப் பண்ணைகளில் உழைத்த கருவிகள் பல 28 மில்லிமீட்டர் ஊசி கொண்ட இரண்டாம் வகை; ஊசியை மாற்றி மாட்டிவிட்டாலும் அவற்றின் எடை சிறு டிராக்டரின் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும்.

கருவியையும் டிராக்டரையும் இணைக்கும் சுழல்தண்டை வாங்கிய நீளத்திலேயே மாட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. கருவியை மேலும் கீழும் மெதுவாக உயர்த்தித் தாழ்த்தி, தண்டு மிகக் குறுகும் நிலையில் உள்குழாய் முட்டாமலும், மிக நீளும் நிலையில் இரு குழாய்களும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்குமாறும் அளந்து வெட்ட வேண்டும். அதன் நெகிழி உறையை ஒருபோதும் கழற்றக் கூடாது. நிமிடத்துக்கு 540 முறை சுழலும் தண்டு சட்டை நுனியைப் பற்றினால், ஆள் கையை விலக்குமுன் உடலையே இழுத்துக்கொள்ளும்.

ஸ்லாஷரில் தண்டு சேருமிடத்தில் ஒரு மெல்லிய போல்ட் இருக்கும். கத்தி கல்லிலோ அடிக்கட்டையிலோ மோதும்போது முதலில் முறிவதற்காகவே அது மென்மையாகச் செய்யப்பட்டுள்ளது. இரண்டாம் முறை முறிந்தபோது சலிப்புற்று, கையில் கிடைத்த கடினமான போல்ட்டை நான் முடுக்கினேன். அடுத்த கல்லில் முறிந்தது ஸ்லாஷரின் பற்சக்கரப் பெட்டி. அன்று முதல் இருக்கையின் அடியில் சரியான போல்ட்டுகள் ஆறு எப்போதும் இருக்கின்றன. உண்ணிச்செடிப் புதர்களையும் ஸ்லாஷர் எளிதாகச் சாய்க்கும். எனினும் அவை வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் என்பதால், வெட்டிய பின் களைக்கொல்லியோ மண்வெட்டியோ இல்லாமல் வேலை முடிவதில்லை.

நம் பகுதியில் எல்லாவற்றையும் விட முக்கியமானது சரிவு. டிராக்டரால் நேரும் உயிரிழப்புகளில் கவிழ்ந்து நேர்பவையே மிகுதி. ஆகவே கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் பின்புற இரும்புச் சட்டம் (ROPS) இல்லாத பழைய வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், மேட்டு நிலத்துக்கு வாங்க வேண்டாம். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டையைக் கட்டியே ஆக வேண்டும். மரக்கிளைக்காகச் சட்டத்தை மடக்கினால் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுவதும், மிகச் செங்குத்தான இடத்தில் பின்னோக்கி ஏறி முன்னோக்கி இறங்குவதும் பாதுகாப்பானவை. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு; இறக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தால்தான் முன்சக்கரங்களும் வேகத்தைத் தடுக்கும். ஈரப்புல்லில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பின்சக்கரங்களின் இடைவெளியை அகட்டுவதும், டயர்களில் முக்கால் பங்கு நீர் நிரப்புவதும் வண்டியின் நிலைத்தன்மையைக் கூட்டும்.

முன்வாளியில் மண் அள்ளும்போது பின்னால் ஸ்லாஷரையோ ஓர் எடைப்பெட்டியையோ மாட்டியிருக்க வேண்டும். நிறைந்த வாளியை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நகரக் கூடாது.

மழை ஓய்ந்து குளிர்காலம் தொடங்குமுன் எல்லையோரப் புல்லை வெட்டித் தீத்தடுப்புப் பட்டை அமைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். காட்டுத்தீ அபாயமுள்ள நிலத்தின் உரிமையாளருக்கு 1998ஆம் ஆண்டின் 101ஆம் எண் சட்டம் இதைக் கடமையாகவே விதிக்கிறது. காய்ந்த புல்லில் வேலை செய்யும் நாட்களில் ரேடியேட்டர் முன்னுள்ள வலையில் விதைகளும் சருகும் அடைத்துக்கொண்டு எஞ்சின் சூடேறும். ஆதலால் மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வலையை உருவித் தட்டிய பிறகே வேலையைத் தொடர வேண்டும்.