விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவாகரத்து முடிந்து பல வருடம் கழித்துத்தான் பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தாள் தேவைப்படுகிறது. மறுமணத்தைப் பதிவு செய்யப் போனால் கேட்பார்கள், விசாவுக்குத் தூதரகத்தில் கேட்பார்கள், பென்ஷன் ஆவணத்தில் பெயர் மாற்ற அலுவலகத்தில் கேட்பார்கள். வீட்டில் தேடினால் மங்கிப்போன ஜெராக்ஸ் ஒன்று கிடைக்கும். வழக்கு நடத்திய வக்கீலின் போன் எண் மாறியிருக்கும். அப்புறம் அலைச்சல்தான்.

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் நகல் வாங்கும் முறை பழையது; மெதுவானது என்று கூடச் சொல்லலாம், ஆனால் சிக்கலானதல்ல. மனு போடுவதற்கு முன்பே, தவறான கோர்ட்டில் தவறான எண்ணை வைத்துக்கொண்டு தேடுவதில்தான் நாட்கள் போகின்றன.

பக்கத்தில் இருக்கிற கோர்ட்டுக்குப் போவது

நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊருக்கும் உங்கள் வழக்குத் தாள்களின் கட்டு இருக்கும் ஊருக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி கல்யாணம் நடந்த ஊரில், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊரில், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரில் என்று எங்கு வேண்டுமானாலும் வழக்குப் போட்டிருக்கலாம். 2003-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுதாரராக இருந்தால் அவர் வசிக்கும் ஊரிலேயே போட முடியும். போதாக்குறைக்கு நடுவில் யாராவது உயர் நீதிமன்றத்தில் மாற்றல் மனு போட்டு வழக்கை வேறு ஊருக்குக் கொண்டுபோயிருப்பார்கள். கோவையில் தொடங்கிய வழக்கு மதுரையில் முடிந்திருந்தால் நகல் கேட்க வேண்டிய இடம் மதுரை.

எல்லா ஊரிலும் குடும்ப நல நீதிமன்றம் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் இந்து திருமணச் சட்ட மனுக்களைச் சார்பு நீதிமன்றம், அதாவது சப் கோர்ட், விசாரிக்கும். பின்னால் அங்கே குடும்ப நல நீதிமன்றம் வந்தபோது நிலுவையில் இருந்த வழக்குகள் அதற்கு மாறி, புது எண் பெற்றிருக்கக்கூடும். பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது.

மாவட்டப் பிரிப்பு இன்னொரு குழப்பம். தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவை 2019-இலும் மயிலாடுதுறை 2020-இலும் தனி மாவட்டங்களாயின. 2012-இல் வேலூரில் தீர்ப்பான வழக்கை, இப்போது ராணிப்பேட்டைக்காரர் என்பதற்காக அங்கே போய்த் தேடுவதில் பொருளில்லை. தீர்ப்புச் சொன்ன கோர்ட்டில் முதலில் கேளுங்கள். கட்டு வேறு இடத்துக்குப் போயிருந்தால் அங்கேதான் தெரியும்.

கிறிஸ்தவர்களின் பழைய விவாகரத்துகளில் ஒரு தனி விஷயம் உண்டு. 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டம் 2001-இல் திருத்தப்படும் வரை, மாவட்ட நீதிபதி கொடுத்த விவாகரத்தை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். 1990-களில் முடிந்த வழக்கென்றால் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் வாங்கி வருவது பாதி வேலைதான். உயர் நீதிமன்ற உத்தரவும் சேர்ந்தால்தான் ஆவணம் முழுமையாகும்.

ஏதோ ஒரு எண்ணோடு போவது

ஒரு தம்பதிக்கு இடையே நாலு வழக்கு நடப்பது சாதாரணம். ஜீவனாம்ச மனுவுக்கு ஒரு எண், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறை வழக்குக்கு இன்னொன்று, விவாகரத்து மனுவுக்குள்ளேயே போட்ட ஐ.ஏ. எனப்படும் இடைக்கால மனுக்களுக்கு வேறு. கையில் கிடைத்த பழைய சம்மனில் இருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு போகிறார்கள். அது ஜீவனாம்ச வழக்கின் எண்ணாக இருந்தால் ஜீவனாம்ச உத்தரவின் நகல்தான் வரும். உங்களுக்கு வேண்டியது மூல மனுவின் எண். சப் கோர்ட்டுகளில் அது பெரும்பாலும் எச்.எம்.ஓ.பி. என்று தொடங்கும், கிறிஸ்தவ விவாகரத்துகள் ஐ.டி.ஓ.பி. என்று பதிவாகும், சில குடும்ப நல நீதிமன்றங்களில் வெறும் ஓ.பி. என்றிருக்கும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் வருடம் மனு தாக்கலான வருடம். தீர்ப்பு வந்த வருடமல்ல. 2015-இல் போட்ட மனு 2019-இல் முடிந்தாலும் அது 2015-ஆம் வருட வழக்குதான். இந்த ஒன்றில் மட்டும் எத்தனையோ பேர் தடுமாறுகிறார்கள்.

எண்ணே தெரியாதென்றால் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ தேடலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் வருடமும் கொடுத்தால் பட்டியல் வரும். முடிந்த வழக்குகளையும் சேர்த்துக் காட்டும்படி தேர்வு செய்யாவிட்டால் உங்கள் வழக்கு வராது. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை: லட்சுமி, லக்ஷ்மி, தீனதயாளன் போன்ற பெயர்களைத் தட்டச்சு செய்தவர் எப்படி அடித்தாரோ அப்படியேதான் பதிவு இருக்கும். முழுப் பெயரைப் போடாமல் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் வராவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரில் வரலாம். வழக்கு கிடைத்துவிட்டால் அதற்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அது ஒன்று போதும்.

கணினிக்கு முந்தைய காலத்து வழக்கு இதில் இருக்க வாய்ப்புக் குறைவு. அதற்குப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். இந்த வேலைக்கு அந்தக் கோர்ட்டில் நெடுநாள் பழகிய ஒரு வக்கீல் குமாஸ்தாவைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. கோர்ட் வாசலில் நின்று "சார், டைவர்ஸ் சர்ட்டிபிகேட்டா?" என்று கேட்கிற ஆள் வேறு. நீதிமன்றம் விவாகரத்துச் சான்றிதழ் என்று தனியாக ஒரு அட்டை அச்சடித்துக் கொடுப்பதில்லை. தீர்ப்பும் தீர்ப்பாணையும்தான் ஆவணம்.

தீர்ப்பா, தீர்ப்பாணையா

காரண காரியங்களோடு நீதிபதி எழுதியது தீர்ப்பு. அதன் முடிவை மட்டும் முறைப்படி வரைந்த தாள் தீர்ப்பாணை. கோர்ட்டில் டிகிரி என்பார்கள். ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கொடுக்க மாட்டார்கள். எந்த அலுவலகம் எதைக் கேட்கும் என்று ஊகிப்பதைவிட மனுவில் இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. கூடவே இரண்டு மூன்று செட் வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் அசலான சான்றிட்ட நகலையே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இணையத்திலிருந்து இறக்கிய பிரதிக்கும், ஜெராக்ஸில் நோட்டரி முத்திரை குத்தியதற்கும் இந்த மதிப்பு கிடையாது. கோர்ட் முத்திரையும் அலுவலரின் கையெழுத்தும் உள்ளதுதான் சான்றிட்ட நகல்.

மேல்முறையீடு நடந்திருந்தால் கீழ்க்கோர்ட் தாள் மட்டும் போதாது, உயர் நீதிமன்றத்தின் உத்தரவும் வேண்டும். பரஸ்பர சம்மத வழக்குகளில் வேறொரு மயக்கம்: மனு தாக்கலான அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பிரிந்து போய்விடுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இரண்டாவது கட்டம் உண்டு. இருவரும் மறுபடி வந்து நின்று தீர்ப்பாணை பெற்றால்தான் விவாகரத்து. வராமல் விட்ட வழக்கு தள்ளுபடியாகியிருக்கும். இ-கோர்ட்ஸில் 'முடிந்தது' என்று காட்டினால் எப்படி முடிந்தது என்பதையும் பாருங்கள்.

மனு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது

நகல் மனுவில் வழக்கு எண், கட்சிக்காரர்கள் பெயர், தீர்ப்புத் தேதி, என்னென்ன தாள் வேண்டும் என்பதை எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுப்பீர்கள். கட்டு காப்பறையிலிருந்து வந்து பக்கத்தை எண்ணிய பிறகு, எவ்வளவு நகல் ஸ்டாம்ப் கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். குறித்த நாட்களுக்குள் கட்டாவிட்டால் மனு அடிபட்டுவிடும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

நகல் கைக்கு வந்ததும் அதில் வரிசையாக இருக்கும் தேதிகளைப் பாருங்கள்: மனு போட்டது, ஸ்டாம்ப் கேட்டது, கட்டியது, நகல் தயாரானது, கொடுத்தது. மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகல் பெற ஆன காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. அந்தக் கணக்குக்கு ஆதாரமே இந்தத் தேதிகள்தான். மேல்முறையீடு செய்யும் எண்ணமிருந்தால் தீர்ப்பு வந்த உடனே நகல் மனு போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. இந்து திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவுப்படி, விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும். வழக்கு அண்மையில் முடிந்தவர்கள் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். அது வக்கீலின் கட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டும் இருக்கலாம்.

அடுத்தவர் வழக்கைத் தோண்டுவது

பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், மாப்பிள்ளை ஏற்கெனவே விவாகரத்தானவர், உண்மையா என்று தெரிய வேண்டும். நியாயமான கவலைதான். ஆனால் விவாகரத்து வழக்கு ஊரறிந்த பத்திரம் போன்றதல்ல. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு விசாரணையை மூடிய அறைக்குள் நடத்தச் சொல்கிறது. அதன் விவரங்களை அச்சிடுவதையும் வெளியிடுவதையும் தடை செய்கிறது. வழக்கில் இல்லாத மூன்றாம் நபர் நகல் கேட்டால், எதற்காக என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுச் சுற்றி வளைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீதிமன்ற ஆவணங்களின் சான்றிட்ட நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நேர்வழி சுலபமானது. மாப்பிள்ளை வீட்டாரிடமே சான்றிட்ட நகலைக் கேளுங்கள். தயங்குகிறவர்களிடம் மேற்கொண்டு பேச்சை நீட்ட வேண்டியதில்லை. கொடுத்தால், அதிலுள்ள எண்ணை இ-கோர்ட்ஸில் போட்டுச் சரிபாருங்கள். தீர்ப்பு மறுதரப்பு ஆஜராகாமலேயே, அதாவது எக்ஸ் பார்ட்டியாக வந்ததா என்றும் பாருங்கள். மறுதரப்பு அதை ரத்து செய்யக் கேட்கலாம். மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் மறுமணம் கூடாது என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. முகூர்த்தத்தை 90 நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இல்லாத ஆவணத்தைத் தேடுவது

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அத்துவிட்டதற்கும், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டதற்கும் எந்தக் கோர்ட்டிலும் பதிவு இருக்காது. சில சமூகங்களின் வழக்காற்று மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்றாலும், அந்த வழக்கம் உண்மையில் இருப்பதைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். திருச்சபை தந்த திருமண ரத்து சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஈடாகாது. குலா முறையில், அதாவது மனைவியே மணமுறிவு கேட்கும் முறையில் பிரிந்த முஸ்லிம் பெண்கள், ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகளின் சான்றிதழை நம்பாமல் குடும்ப நல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கு வேண்டியது நகல் மனு அல்ல, ஒரு வக்கீலின் ஆலோசனை.

பிழையோடு வாங்கி வருவது

கவுன்டரை விட்டு நகரும் முன் பெயர், இனிஷியல், கல்யாணத் தேதி எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, தீர்ப்பாணையில் ஒரு மாதிரி இருந்தால் வெளிநாட்டுத் தேவைக்கு அது உதவாது. எழுத்துப் பிழையைத் திருத்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் மனு போடலாம். எத்தனை வருடமானாலும் போடலாம். திருத்திய பிறகு புது நகல் வாங்கி, அதன் மேல்தான் மொழிபெயர்ப்பு, வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்காக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் சான்று எல்லாம். வரிசை மாறினால் செலவு இரண்டு முறை.

வழக்கில் எக்ஸிபிட்டாக, அதாவது சான்றாவணமாகக் கொடுத்த அசல் கல்யாணச் சான்றிதழ், நகை ரசீது போன்றவை இன்னும் கட்டுக்குள் இருக்கலாம். பழைய கட்டுகளை விதிப்படி அழிக்க 1917-ஆம் வருடச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருந்தால், நகலுக்குப் போகும் அன்றே அவற்றைத் திரும்பப் பெறவும் ஒரு மனு கொடுத்துவிட்டு வாருங்கள்.