பெண்கள் பாஸ்கெட்பால் பாக்கப் பழகணுமா? பந்தை விட்டுட்டு காலைப் பாருங்க

கிரிக்கெட் பாத்தே வளந்த கண்ணுக்கு பாஸ்கெட்பால் மொதல்ல ஒண்ணும் புடிபடாது, பந்து அங்க போகும் இங்க வரும், என்னடா நடக்குதுன்னு யோசிக்கிறதுக்குள்ள ஸ்கோர் 40 ஆயிருக்கும். நானும் அப்படித்தான் முழிச்சேன். ரூல் புக்கெல்லாம் படிக்க வேணாம், நான் பழகுன வழிய சொல்றேன்.

லைவ் மேட்ச்ல ஆரம்பிக்காதீங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஃபைனல், அமெரிக்கா - ஃபிரான்ஸ், அதைத் தேடி எடுங்க. ரிசல்ட்ட இப்பவே சொல்லிடுறேன், 67-66, அமெரிக்காவுக்கு 1996லருந்து வரிசையா 8வது தங்கம். தெரிஞ்சுட்டுப் பாத்தாத்தான் பதட்டம் இல்லாம எங்க கண்ண வைக்கணுமோ அங்க வைக்கலாம்.

நேரா கடைசி நாலு செகண்டுக்குப் போங்க. அமெரிக்காவோட கலியா காப்பர் ரெண்டு ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்குக் கெடைக்கிற, யாரும் மறிக்காத ஷாட், ஒண்ணுக்கு ஒரு பாயிண்ட்) போட்டு 67-64 ஆக்கிட்டாங்க. ஃபிரான்ஸுக்கு மூணு பாயிண்ட் வேணும். அவங்க ஆளு கேபி வில்லியம்ஸ் ஓடி வந்து தூக்கிப் போடுறாங்க, போர்டுல பட்டு பந்து உள்ள. சரி ஓவர்டைம் தான்னு நான் தண்ணி குடிக்கவே எந்திரிச்சுட்டேன். இப்ப அதையே ஸ்லோ மோஷன்ல ஓட விட்டு, பந்தைப் பாக்காம ஷூவப் பாருங்க. நுனி மூணு பாயிண்ட் கோட்டுல மிதிச்சிருக்கும் (ரிங்கச் சுத்தி இருக்குற வளைவு, அதுக்கு வெளியருந்து போட்டா தான் 3). கோடு ரெண்டு பாயிண்ட் ஏரியாவோட சேத்தி, கெளம்பும்போது ரெண்டு காலும் கோட்டுக்கு வெளிய இருக்கணும் (போட்டுட்டு உள்ள வந்து விழுந்தா பரவால்ல). அதனால 2 தான், ஒரு பாயிண்ட்ல தங்கம் போச்சு. இத ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் எந்த மேட்ச்லயும் கண்ணு தானா கீழ போகும்.

இன்னொண்ணு, மூணு பாயிண்ட் லீட்ல இருக்கும்போது வேணும்னே ஃபவுல் பண்ணிடலாம், எதிர் டீமுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ தானே, ரெண்டும் விழுந்தாலும் ஒண்ணு கம்மி. அமெரிக்கா அத செய்யல. அது சரியா தப்பான்னு என் ஃப்ரெண்டோட இன்னும் சண்ட ஓயல.

அப்புறம் மொதல்லருந்து போடுங்க. ஹாஃப் டைம்ல 25-25, மூணாவது குவார்ட்டர் ஆரம்பத்துலயே ஃபிரான்ஸ் 35-25. இங்க ஷாட் கிளாக்க கவனிங்க, பந்து கெடைச்ச டீம் ஷாட் போட்டாகணும்னு இருக்குற நேரம், 24 செகண்ட், அது 7, 6ன்னு எறங்கும்போது எந்த டீம் அவசரத்துல கண்ட எடத்துலருந்து வீசுதோ அது தெணறுதுன்னு அர்த்தம். ஷாட் மிஸ் ஆகி அதே டீமே ரீபவுண்டு (மிஸ் ஆகித் திரும்புற பந்தப் புடிக்கிறது) எடுத்தா புதுசா 14 செகண்ட் கெடைக்கும். ரீபவுண்டு புரிய ஒரு குவார்ட்டர் முழுக்க அமெரிக்காவோட ஏஜா வில்சன மட்டும் பாருங்க, கையில பந்து இல்லாதப்பவும். அன்னிக்கு 21 பாயிண்ட், 13 ரீபவுண்டு, 4 பிளாக் (எதிராளி ஷாட்டத் தட்டி விடுறது).

அடுத்து டபிள்யூஎன்பிஏ, அமெரிக்காவோட பெண்கள் லீக். ஒலிம்பிக்ஸ் பாத்துட்டு வந்தா கொஞ்சம் கொழப்பும்: இங்க ஒரு ஆளு 6 ஃபவுல்ல தான் வெளிய, ஒலிம்பிக்ஸ்ல 5. இங்க டிஃபென்ஸ்ல யாரையும் மறிக்காம ரிங்குக்குக் கீழ மூணு செகண்டுக்கு மேல சும்மா நின்னா தப்பு, ஒலிம்பிக்ஸ்ல ஒசரமான ஆள் கூடாரம் போட்டே நிக்கலாம். நேரம் தான் கொடும, அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் சாயந்திரம் 7 மணின்னா நமக்கு விடிகாலை 4:30. அலாரம் வைக்காதீங்க, ஸ்கோர் பாக்காம காலைல காப்பியோட ரீப்ளே போட்டுக்கோங்க.

'டங்க் (குதிச்சு ரிங்குக்குள்ள பந்த அமுக்குறது) இல்லையே, போர்'னு ஒருத்தன் வருவான். ரிங் அதே 10 அடி தான், பந்து மட்டும் ஒரு சைஸ் சின்னது, சைஸ் 6. ஸ்க்ரீன் போடுறது (கூட்டாளிக்கு எடம் கெடைக்க எதிராளி வழிய மறிச்சு நிக்கிறது), பாஸ் கோக்குறது எல்லாம் கண்ணுக்கு நல்லா தெரியுறதே இங்க தான்னு சொல்லுங்க, கேக்கலன்னா விட்டுருங்க.

நம்ம டீமையும் பாக்கணும்னா 2017 பெங்களூரு ஆசிய கோப்பை டிவிஷன் பி (ரெண்டாவது அடுக்கு) ஃபைனல்லருந்து தொடங்குங்க, கஜகஸ்தான 75-73ல ஜெயிச்சது. சென்னைக்காரங்க அனிதா பால்துரை, இந்திய கேப்டனா இருந்தவங்க, பத்மஸ்ரீ வாங்குனவங்க, அவங்க பழைய மேட்ச் கெடைச்சா விடாதீங்க.

2026 செப்டம்பர்ல பெர்லின்ல உலகக் கோப்பை, 16 டீம். அங்கயும் நமக்கும் மூணரை மணி நேரம் தான் வித்தியாசம், தூக்கம் கெடாது.