முதிய முன்னாள் படைவீரர்களைத் தனிமையில் தள்ளிவிடும் தவறுகள்

1971 போரின்போது பதினெட்டு வயதுச் சிப்பாயாக இருந்தவர் இன்று எழுபதைக் கடந்திருக்கிறார். 1962இலும் 1965இலும் களத்தில் நின்றவர்கள் எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய ஹவில்தாருக்குப் பேச்சுத் துணை கிடைப்பது கடினமில்லை. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான முன்னாள் படைவீரர்கள் தெருவுக்கு ஒரே ‘மிலிட்டரிக்காரராக’ வாழ்ந்து மூப்படைகிறவர்கள். அவர்கள் மெல்ல மெல்ல ஒதுங்கிப் போவதற்கு வீட்டாரின் அலட்சியம் காரணமாக இருப்பது குறைவு. அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று அக்கறையோடு செய்யும் காரியங்களே அவரை வெளியுலகத்திலிருந்து துண்டித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடு நிறைய ஆள் இருப்பதால் தனிமை இல்லை என்று எண்ணுவது

படைவீரரின் வாழ்க்கைக் கணக்கு மற்றவர்களுடையதைப் போன்றதன்று. பதினெட்டு, இருபது வயதில் ஊரை விட்டுப் போகிறார். விடுமுறைக்கு வந்துபோகும் சில வாரங்களைத் தவிர, உடன் படித்தவர்களின் கல்யாணம், ஊர்த் திருவிழா, பங்காளிச் சண்டை, சமாதானம் எல்லாமே அவர் இல்லாமல் நடந்து முடிகின்றன. முப்பத்தைந்து, நாற்பது வயதில் சீருடையைக் கழற்றிவிட்டு வரும்போது, ஊரில் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோளில் கைபோட்டுப் பேசும் அளவுக்கு நெருங்கியவர்கள் சிலரே இருப்பார்கள். அதன்பின் வங்கியிலோ ஆலையிலோ காவலராக இன்னும் இருபது ஆண்டுகள் வேலை பார்க்கிறார். அங்கே நேரத்துக்குப் போக வேண்டும், பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், பணி மாறும்போது அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். பழகிய ஒழுங்கு ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது. அந்த இரண்டாவது வேலையும் நிற்கும்போதுதான் வெறுமை தொடங்குகிறது. ‘அவர் எப்போதோ ஓய்வு பெற்றவர்தானே’ என்று நினைக்கும் குடும்பத்தார் இந்த இரண்டாம் ஓய்வைக் கவனிப்பதே இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு மனைவியின் மறைவு. கணவர் எல்லையில் இருந்த காலமெல்லாம் உறவுகளைக் கட்டிக்காத்தவர் அந்த அம்மாள்தான். எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைத்தோம், யார் வீட்டுத் துக்கத்துக்குப் போகவில்லை, எந்தச் சித்தப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கே தெரியும். மொய் நோட்டு அவருடைய பெட்டியில்தான் இருக்கும். அவர் போனபின் பத்திரிகை மகன் பெயருக்கு வருகிறது. மகனும் மருமகளும் போய்வருகிறார்கள். ‘வெயில் அதிகம், நீங்கள் வீட்டிலேயே இருங்கள் அப்பா’ என்று சொல்லிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் சொந்தக்காரர்கள் அவரை விசாரிப்பதுகூட மகன் வழியாகவே நடக்கிறது. மொய் நோட்டை அவர் கையில் கொடுத்து, முடிந்த விசேஷங்களுக்கெல்லாம் அவரை அழைத்துச் சென்று, மொய்யை அவர் கையாலேயே எழுதச் செய்வது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் அறுந்துபோகும் உறவுகளை அது நேரடியாகப் பிடித்து நிறுத்துகிறது.

அவருடைய வெளிவேலைகளை நாமே பார்த்துவிடுவது

அடிக்கடி நடப்பதும், மிகுந்த தீங்கு செய்வதும் இந்தத் தவறுதான் என்பது என் எண்ணம்.

ஓய்வூதியம் பெறும் படைவீரர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுக்கொரு முறை உறுதிசெய்ய வேண்டும். முன்பு இதற்காக வங்கிக்கு நேரில் போய் வரிசையில் நின்றார்கள். இப்போது பாதுகாப்புத் துறையின் ‘ஸ்பர்ஷ்’ ஓய்வூதிய முறையும் ‘ஜீவன் பிரமாண்’ மின்னணுச் சான்றும் வந்துவிட்டதால், கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் வீட்டுத் திண்ணையிலேயே வேலை முடிந்துவிடுகிறது. நடக்க இயலாதவர்களுக்கு இது பெரிய வரம். நடக்க முடிந்தவருக்கோ ஆண்டில் ஒரு நாள் பழைய முகங்களைப் பார்க்கும் வாய்ப்பு இதனால் போய்விடுகிறது. படைவீரர்களுக்குச் சலுகை விலையில் சாமான் விற்கும் ராணுவக் கேன்டீனும் அப்படித்தான். சாமான் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வேறொருவரை வாங்கிவரச் சொல்கிறோம். 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் மாதாந்திர மாத்திரைகள் வாங்குவதையும், முடிந்தால் நாமே முடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஒரு பாலிகிளினிக்கின் காத்திருப்பு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் நாம் எதைப் பறிக்கிறோம் என்பது விளங்கும். மருந்துச் சீட்டோடு வந்து உட்காரும் முதியவரைப் பக்கத்தில் இருப்பவர் முதலில் கேட்பது பெயரை அன்று, ‘எந்த யூனிட்?’ என்பதைத்தான். அடுத்த கேள்வி ‘எந்த வருஷம் போனீங்க?’ மூன்றாவதாக ஒரு ஊர்ப் பெயர் வரும்: பூஞ்ச், ராஜௌரி, தேஜ்பூர். வெலிங்டனில் பயிற்சி பெற்ற மெட்ராஸ் ரெஜிமென்ட்காரரும், பெங்களூரில் பயிற்சி பெற்று ஒருவரையொருவர் ‘தம்பி’ என்றே அழைத்துப் பழகிய, படையின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ்காரரும் ஐந்தே நிமிடத்தில் நெடுநாள் பழகியவர்களைப் போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இடையிடையே பட்டாளத்து இந்தி தானாக வந்து விழும். வீட்டில் ‘மூட்டு வலி’ என்று முனகிக்கொண்டிருந்தவர் அங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். டோக்கன் எண் கூப்பிடப்பட்ட பிறகும் எழுந்து போக மனம் வராது.

அதனால் இந்த வேலைகளை அவரிடமே விட்டுவிட்டு, போய்வருவதற்கான உதவியை மட்டும் நாம் செய்ய வேண்டும். ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்யலாம்; ஒரே வட்டாரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் மாத்திரை வாங்கப் போகும்படி தேதியைப் பொருத்தி வைக்கலாம்; துணைக்குப் போகிறவர் அவசரப்படுத்தாமல் வெளியே தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் அவ்வப்போது நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். மனு கொடுக்க ஏதும் இல்லாவிட்டாலும் அவர் போய்வரட்டும். தேதியை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஓய்வூதியம் இல்லாமல் குறுகிய பணிக்காலத்தோடு வெளிவந்தவர்களுக்குப் பாலிகிளினிக் போன்ற சந்திப்பு இடங்கள் பெரும்பாலும் கிடையாது என்பதால், அவர்களை இத்தகைய கூட்டங்களுக்கு அழைத்துப் போவது இன்னும் அவசியம்.

பொன்னாடையோடு நிறுத்திக்கொள்வது

பீல்டு மார்ஷல் கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற நாளான ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாளாகவும், டிசம்பர் 7 கொடிநாளாகவும் அனுசரிக்கப்படுகின்றன. குடியரசு நாள், விடுதலை நாள் விழாக்களும் உண்டு. இந்த நாட்களில் ஒரு பொன்னாடை, ஒரு புகைப்படம். மற்ற நாட்களில் அவரைத் தேடி எவரும் வருவதில்லை. மனிதரைக் கௌரவிப்பதில் தவறில்லை. ஆனால் தம்மால் இன்னும் ஒரு காரியம் ஆகிறது என்ற உணர்வைப் பொன்னாடை தராது. காவலர் தேர்வுக்கும் படை ஆள்சேர்ப்புக்கும் ஆயத்தமாகும் இளைஞர்கள் பல ஊர்களில் விடியற்காலையில் மைதானத்தில் ஓடுகிறார்கள். ஓட முடியாத வயதிலும் கையில் கடிகாரத்தோடு நின்று நேரம் குறிக்கவும், அணிவகுப்பைத் திருத்தவும் ‘நாயக்’ பதவியில் இருந்த ஒரு பழைய சிப்பாயால் முடியும். வாகனப் பிரிவில் இருந்தவருக்கு இன்ஜின் தெரியும். தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவருக்கு மின்வேலை தெரியும். அவர் படையில் என்ன வேலை பார்த்தார் என்பதே பெரும்பாலான வீடுகளில் தெரிவதில்லை. ‘மிலிட்டரியில் இருந்தார்’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

போர்க்கதையை வற்புறுத்திக் கேட்பது, பேச வரும்போது தடுப்பது

‘எத்தனை பேரைச் சுட்டீர்கள்?’ என்று பேரப்பிள்ளை கேட்பதும், அதைக் கைப்பேசியில் படமெடுக்க ஒருவர் தயாராக நிற்பதும் பல வீடுகளில் நடக்கிறது. அவர் பக்கத்தில் இருந்தவரை இழந்திருக்கலாம். இரவில் இன்றும் திடுக்கிட்டு எழுபவராக இருக்கலாம். சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அடுத்த முறை கூட்டமாக உட்காரும்போது வரவே மாட்டார். கேட்க வேண்டும் என்றால் பனியில் என்ன சாப்பிட்டீர்கள், கடிதம் எத்தனை நாளில் வந்து சேரும், உடன் இருந்தவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று கேட்கலாம். எதிலிருந்து எங்கே போவது என்பதை அவர் முடிவு செய்துகொள்வார். அவராகவே பேச முன்வரும் நாளில், ‘இதை நூறு முறை சொல்லிவிட்டீர்கள்’ என்று வாயடைக்கக் கூடாது. திரும்பத் திரும்பச் சொல்லும் கதைக்குள் இதுவரை சொல்லாத ஒரு பெயரோ ஊரோ சில நேரம் வெளிவரும்.

இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் இருந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1987 முதல் 1990 வரை நீடித்த அந்தப் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத் தமிழ் மக்களும் பெருந்துயரைச் சந்தித்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அங்கே போய்வந்த தமிழ்ச் சிப்பாய் தம் ஊர்த் தேநீர்க் கடையில் அதைப் பற்றிப் பெருமையாகவும் பேச முடியவில்லை, வருத்தமாகவும் பேச முடியவில்லை. இன்று அறுபதையும் எழுபதையும் எட்டியிருக்கும் இவர்களிடம் அரசியல் விவாதத்தைத் தொடங்குவது அவர்களை மேலும் ஒதுங்கச் செய்யும். அந்தக் காலத்தில் அங்கே உடன் இருந்த ஒருவரோடு சேர்த்துவைப்பது மட்டுமே அவர்களுக்குப் பயன்படுவதை நான் கண்டிருக்கிறேன். அதே படைப்பிரிவைச் சேர்ந்தவரைத் தேட, மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் சங்கங்கள் நல்ல தொடக்கம். ஆனால் அங்கேயும் பழைய அதிகாரிகள் மேடையில் இருக்க, சிப்பாயாக ஓய்வுபெற்றவர் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதுண்டு. அவர் தரத்திலிருந்த நாலு பேரோடு ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவது அவருக்கு அதைவிட இதமானது.

காது மந்தத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்வது

பீரங்கிப் படையிலும் கவசப் படையிலும் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, துப்பாக்கிப் பயிற்சியைக் காதடைப்பு இல்லாமல் முடித்த தலைமுறையினர் பலருக்கும் கேள்திறன் குறைந்திருக்கும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் நாலு பேர் பேசினால் அவருக்கு இரைச்சல் மட்டுமே கேட்கிறது. மற்றவர்கள் சிரித்து முடித்தபின் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார். தொலைபேசி மணி அடித்தால் பேரனிடம் நீட்டிவிடுவார். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதிலைச் சொல்லி, பிள்ளைகள் சிரித்ததும் எரிந்து விழுவார். ‘மிலிட்டரிக்காரர், முன்கோபி’ என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. ஈ.சி.எச்.எஸ். உறுப்பினராக இருந்தால் காதுப் பரிசோதனைக்கும் காதொலிக் கருவிக்கும் அங்கேயே கேட்கலாம். கருவி வந்த முதல் சில வாரங்கள் எல்லா ஓசையும் சேர்ந்து தலைவலியைத் தரும் என்பதால் பலர் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து நிதானமாகப் பேச ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

கோட்டாவுக்கு வருகிறவர்களைத் துணை என்று கொள்வது

கேன்டீனில் மாதந்தோறும் கிடைக்கும் மது அளவைக் குறிவைத்து வந்து போகும் ‘நண்பர்கள்’ சில ஊர்களில் உண்டு. பாட்டில் வந்த வாரத்தில் வீடு கலகலப்பாக இருக்கும். பிறகு மூன்று வாரம் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவரும் தனியாக இருக்கும் நாட்களில் அதையே துணையாகக் கொள்ளத் தொடங்குவார். திட்டுவதாலும் ஒளித்துவைப்பதாலும் இது சரியாவதில்லை. மாலை நேரத்துக்கு வேறொரு வேலையும் வேறு சில மனிதர்களும் கிடைத்தால்தான் குறையும்.

நகரத்துக்கு அழைத்துப்போய்ப் பத்திரமாக வைப்பது

தனியாக இருக்கும் தந்தையைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அழைத்துச் செல்வது பல நேரங்களில் தவிர்க்க முடியாதது. அப்படிப் போகும்போது ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் மாற்றத்தையும் அருகிலுள்ள கேன்டீனையும் முதல் மாதத்திலேயே விசாரித்துவிட வேண்டும். ஆவடி, தாம்பரம், பல்லாவரம் பக்கம் முன்னாள் படைவீரர்கள் பலர் குடியேறியிருக்கிறார்கள். அடுக்குமாடியின் காவலரே ஒரு பழைய சிப்பாயாக இருக்கலாம். ஊர் வீட்டை உடனே பூட்டிவிடாமல், பொங்கலுக்கும் குலதெய்வப் படையலுக்கும் போய்த் தங்கும் நிலையில் வைத்திருந்தால் பழைய பழக்கங்கள் முற்றாக அறுவதில்லை. யூனிட்டின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. காலை வணக்கப் படங்கள் நாற்பது வரும். அவற்றுள் ஒருவருடைய எண்ணைத் தேடியெடுத்து, அழைத்து, பேச வைத்தால்தான் பயன்.

தளர்ச்சியை முதுமை என்று விட்டுவிடுவது

சவரம் செய்யாமல் ஒரு நாளும் வெளியே வராதவர் வாரக்கணக்கில் தாடியோடு இருந்தால், ஷூவுக்குப் பாலிஷ் போடுவதை நிறுத்திவிட்டால், சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினால், பதக்கங்களையும், படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ‘நீயே வைத்துக்கொள்’ என்று பிள்ளைகளிடம் கொடுக்கத் தொடங்கினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, முதியோர் உதவிக்கு 14567, இரண்டுமே கட்டணமில்லாதவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. வங்கிக் காவல் பணிக்காக உரிமம் பெற்று வாங்கிய துப்பாக்கி சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இத்தகைய அறிகுறிகள் தெரிந்தால், அவரிடம் எடுத்துச் சொல்லி, முடிந்தவரை அவருடைய ஒப்புதலோடு, அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ அன்றைக்கே ஒப்படைப்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள்; அன்றிரவு அவரோடு ஒரே அறையில் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள்.