உட்ரோ வில்சனின் தலைமையை வகுப்பில் நடத்தும் முறை: நடுநிலை, போர், சமாதானம்

சேலத்தில் இளங்கலை வரலாற்று மாணவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கும் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனைப் பற்றிப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். சமாதானத்துக்காக வில்சன் அறிவித்த பதினான்கு அம்சங்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கும் மாணவர், அவற்றை முன்வைத்தவரின் நாடே, முதல் உலகப் போருக்குப் பின் உருவான சர்வதேச சங்கத்தில் (League of Nations) சேராமல் போனது ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் திகைத்து நின்றுவிடுகிறார். அந்தக் கேள்விக்கு மாணவர் தாமே விடை காண்பதற்கு உதவும் ஒரு முறையை, இப்பாடத்தை நடத்தவிருக்கும் ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை ஒரு கோடுபோட்ட நோட்டும், நூறு புளியங்கொட்டைகளும் மட்டுமே. நோட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் வில்சன் சொன்னதையும், அதை நிறைவேற்ற யாருடைய சம்மதம் தேவைப்பட்டது என்பதை வலப்புறமும் எழுதச் சொல்லுங்கள். 1913 முதல் 1921 வரை அதிபராக இருந்த ஒருவரின் தலைமையை எடைபோட, அவருடைய பேச்சின் அழகைவிட இந்த வலப்புறப் பகுதியே அதிகம் உதவுகிறது என்பது என் உறுதியான கருத்து.

முதல் அமர்வை நம் ஊரிலிருந்து தொடங்குங்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியது தமிழ் மாணவர்கள் அனைவரும் கேள்விப்பட்ட செய்தி. பிரிட்டன் ஆகஸ்ட் 4 அன்று முதல் உலகப் போரில் இறங்கியபோது, இந்தியரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இந்தியாவும் அதில் சேர்க்கப்பட்டது. அதே நாளில்தான் வில்சன் நடுநிலையை அறிவித்தார். எண்ணத்திலும் செயலிலும் பாரபட்சமின்றி இருக்கும்படி ஆகஸ்ட் 19 அன்று அவர் தம் மக்களைக் கேட்டுக்கொண்டதன் காரணத்தை மாணவர்களே சொல்லட்டும். ஜெர்மானிய, ஐரிஷ், ஆங்கிலேய வழிவந்தவர்கள் ஒன்றாக வாழ்ந்த நாட்டில், ஐரோப்பியச் சண்டை உள்நாட்டுச் சண்டையாக மாறிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் அழிவைத் தென்மாநிலத்தில் சிறுவனாக இருந்து கண்டவர் அவர்.

அந்த நடுநிலை இரு தரப்புக்கும் சமமாக இருந்ததா என்ற கேள்வியையும் தவறாமல் எழுப்புங்கள். 1915இல் பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்க வங்கிகளிடம் 50 கோடி டாலர் கடன் பெற்றன. அதே ஆண்டு மே 7 அன்று லூசிடானியா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்து, 128 அமெரிக்கர் உட்பட ஏறத்தாழ 1,200 பேர் இறந்தபோது, வில்சன் படை அனுப்பாமல் கண்டனக் கடிதங்களை அனுப்பினார். அவையே மிகக் கடுமையானவை என்று கருதி வெளியுறவுச் செயலர் பிரையன் பதவி விலகினார். அவை போதவே போதாது என்று முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சாடினார். இவ்விருவரையும் நோட்டின் வலப்புறத்தில் எழுதவைத்தால், நடுநிலை என்பது கைகட்டி நிற்பதன்று, இரு பக்கத்து இழுப்பையும் தாங்கி நிற்பது என்பது மாணவருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

இரண்டாம் அமர்வில் போரைச் சுருக்கமாக நடத்தலாம். 1917 ஜனவரி 22 அன்று வெற்றி தோல்வியற்ற சமாதானத்தைக் கோரிய அதே மனிதர், ஏப்ரல் 2 அன்று போர்ப் பிரகடனம் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் நின்றார். இடைப்பட்ட பத்து வாரங்களில் ஜெர்மனி வரம்பற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது; மெக்சிகோவைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள முயன்ற சிம்மர்மன் தந்தியும் வெளியானது. செனட்டில் 82க்கு 6, பிரதிநிதிகள் அவையில் 373க்கு 50 என்று வாக்குகள் விழுந்தன. செனட்டின் கணக்கைக் கொட்டைகளால் மேசையில் அடுக்கிக் காட்டுங்கள். மூன்றாம் அமர்வில் அது தேவைப்படும். உலகை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பானதாக்குவோம் என்று சொன்ன அரசு, போரை எதிர்த்துப் பேசிய சோஷலிசத் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைக்கச் செய்ததை விட்டுவிடாதீர்கள். போர் முடிந்த பின்னும் அவரை விடுவிக்க வில்சன் மறுத்தார். அடுத்த அதிபர் ஹார்டிங்தான் 1921இல் விடுவித்தார். வில்சனை நான் மதிக்கிறேன், ஆயினும் இந்தச் செயலுக்கு என்னால் நியாயம் காண இயலவில்லை.

மூன்றாம் அமர்வுக்கு முழுநாள் வேண்டும். முடிந்தால் ஒரு சனிக்கிழமை மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்று, மணியடிக்காத ஓரிடத்தில் உட்காரவையுங்கள். 1918 ஜனவரி 8 அன்று அறிவிக்கப்பட்ட பதினான்கு அம்சங்களில் ஐந்தாவதையும் பதினான்காவதையும் மட்டும் சொல் சொல்லாகப் படித்தால் போதும். குடியேற்ற நாட்டு மக்களின் நலனுக்கும், அவர்களை ஆளும் அரசின் கோரிக்கைக்கும் சம எடை தரவேண்டும் என்பதே ஐந்தாவது அம்சம். நாடுகளின் பொதுச் சங்கம் ஒன்றை அமைக்கவேண்டும் என்பது பதினான்காவது. சுயநிர்ணயம் என்ற சொல் அந்த உரையில் எங்குமே இல்லை என்பதை மாணவர்கள் தேடிப் பார்த்துக் கண்டறியட்டும். அதற்கு முந்தைய ஆண்டே, 1917 ஜூனில், சென்னையில் ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவராக இருந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியத் தன்னாட்சிக்கு ஆதரவு கோரி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காகப் பிரிட்டிஷ் அரசின் கண்டனத்துக்கு ஆளாகிச் சர் பட்டத்தையே துறந்தார். இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற ஆண்டும் 1917தான். வில்சனின் சொற்களை நம் ஊர்க்காரர்கள் எத்தனை ஆவலோடு படித்திருப்பார்கள் என்பதைச் சிறிது நேரம் பேசவிடுங்கள். பாரிஸ் சமாதான மாநாட்டில் ஜப்பான் கொண்டுவந்த இனச் சமத்துவத் தீர்மானத்துக்குப் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தும், ஒருமனதாக இல்லை என்று சொல்லித் தலைமை வகித்த வில்சன் அதைத் தள்ளிவிட்டார் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடவேண்டும்.

அடுத்து, நோட்டின் வலப்புறம் எங்கே வெறுமையாகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 1918 நவம்பர் தேர்தலில், வில்சனின் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி இரு அவைகளையும் கைப்பற்றியது. ஒப்பந்தம் எதுவாயினும் செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று தெரிந்திருந்தும், டிசம்பரில் பாரிஸுக்குப் புறப்பட்ட வில்சன் ஒரு செனட்டரைக்கூடக் குழுவில் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கே பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோவுக்கும் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜுக்கும் பலவற்றை விட்டுக்கொடுத்து, சமாதான ஒப்பந்தத்தின் அங்கமாகச் சர்வதேச சங்கத்தைக் காப்பாற்றியவர், வாஷிங்டனில் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் லாட்ஜ் அந்த ஒப்பந்தத்துக்கு முன்வைத்த நிபந்தனைகளுக்கு இணங்க மறுத்தார். மக்களிடமே நேரில் முறையிட 1919 செப்டம்பரில் ரயிலேறிய அவர், புவெப்லோ நகரில் பேசிய பின் உடல் தளர்ந்தார். அக்டோபர் 2 அன்று பக்கவாதம் தாக்கியது. படுக்கையில் கிடந்த நிலையிலும் அவர் தம் கட்சியினருக்குச் சொன்னது, லாட்ஜின் நிபந்தனைகளோடு கூடிய ஒப்பந்தத்தை நிராகரியுங்கள் என்பதே.

இப்போது கொட்டைகளை மீண்டும் எடுங்கள். 1920 மார்ச் 19 அன்று லாட்ஜின் நிபந்தனைகளோடு கூடிய ஒப்பந்தத்தின் மீது செனட்டில் வாக்களித்தவர்கள் 84 பேர். தேவைப்பட்டவை 56 வாக்குகள். ஆதரவாக 49 கொட்டைகளையும், எதிராக 35 கொட்டைகளையும் வைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த 35இலிருந்து, வில்சனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எதிர்த்து வாக்களித்த அவருடைய சொந்தக் கட்சியினர் 23 பேரைத் தனியாகப் பிரித்து, அந்தக் குவியலிலிருந்து ஏழு கொட்டைகளை மட்டும் மறுபக்கம் தள்ளிவிட்டு, மீண்டும் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள்.